செம்பருத்தி வேலியும் கள்ளிப்பூச்சியும்

செம்பருத்திக்கு விதை கேட்டு எங்கள் தோட்டத்துக்கு யாரும் வந்ததில்லை. குச்சிதான் கேட்பார்கள். நாட்டுச் செம்பருத்தி நம் ஊரில் காய் பிடிப்பது அபூர்வம். காலையில் விரியும், சாயங்காலம் சுருங்கும், மறுநாள் உதிரும். அவ்வளவுதான் அந்தப் பூவின் ஆயுசு. செடிக்கு மட்டும் ஆயுசு கெட்டி. வெட்டினால் துளிர்க்கும், ஆடு மேய்ந்தால் துளிர்க்கும், இரண்டு கோடை தண்ணீர் காட்டாமல் விட்டாலும் வேர் உயிரோடு கிடந்து மழைக்குத் துளிர்க்கும்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்குங்க. விதையில் பெருகாத செடி தானாக ஊர் தாண்டாது. காற்றும் பறவையும் அதைத் தூக்கிப் போவதில்லை. மனிதக் கைதான் ஒடித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் நாட்டுச் செம்பருத்தி யாரோ ஒருவர் வீட்டுச் செடியின் துண்டு. அந்தச் செடி இன்னொரு வீட்டுச் செடியின் துண்டு. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும்?

முதலில் பெயரைப் பார்க்கலாம். பழைய அகராதிகளிலும் சித்த மருத்துவ நூல்களிலும் 'செம்பருத்தி' என்றால் சிவப்புப் பூ பூக்கும் நாட்டுப் பருத்தி. நாம் இன்று செம்பருத்தி என்று சொல்லும் செடிக்கு அங்கே 'செம்பரத்தை' என்று பெயர். பேச்சில் இரண்டும் கலந்து, பருத்தியின் பெயரைச் செம்பரத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. கலந்ததில் ஒரு நியாயமும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். பருத்திப் பூவையும் செம்பருத்திப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடுவில் ஒரு குழாய், அதன்மேல் மகரந்தத் தாள்கள். வெண்டை, புளிச்சகீரை, துத்தி, பூவரசு எல்லாம் இதே வகையறாதான். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பிளேடால் அறுத்துப் பார்த்தது செம்பருத்தியைத்தானே? பெரிய பூ, உறுப்புகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும், காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

எழுத்தில் பார்த்தால், நம் பக்கத்தில் இந்தச் செடிக்குக் கிடைக்கும் தெளிவான சாட்சிகளில் ஒன்று கேரளத்தில் இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த வான் ரீட், மலையாள வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றவர்களின் உதவியோடு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற தாவர நூலைத் தொகுத்தார். 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் நம் செடி 'செம்பரத்தி' என்ற மலையாளப் பெயரோடு, படத்தோடு இருக்கிறது. ஆக, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கேரளத்து வீடுகளில் அது பழகிய செடி.

1753-ல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'சீனத்து ரோஜா' என்று பொருள்படும்படி வைத்தார். சீனாவில் இது பழைய செடிதான். கி.பி. 304-ல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் தென்னாட்டுத் தாவரங்கள் பற்றிய சீன நூலில், காலையில் மலர்ந்து மாலையில் விழும் சிவப்புப் பூவாக இது வருகிறது. ஆனால் சீனாவிலும் இது காட்டுச் செடியாக வளர்ந்து யாரும் பார்த்ததில்லை. இந்தியாவிலும் இல்லை. அண்மைக்கால ஆய்வுகள் சில பசிபிக் தீவுகளைக் கை காட்டுகின்றன. வனுவாட்டுப் பக்கத்துச் செம்பருத்தி ஒன்றும் டஹிட்டிப் பக்கத்துச் செம்பருத்தி ஒன்றும் பழங்காலத் தீவுக்காரர்களின் கையில் சேர்ந்து பிறந்த ஒட்டுதான் இது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். அது உறுதிப்பட்டால், நம் வேலிச் செடியின் முதல் குச்சி படகேறி வந்தது என்று அர்த்தம்.

வந்த இடத்தில் எல்லாம் அது ஒவ்வொரு வேலைக்கு அமர்ந்துகொண்டது. வங்காளத்தில் காளிக்குப் பூ. நம் ஊரில் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் பூ, தலைக்கு எண்ணெய், இலையை அரைத்தால் சீயக்காய்க்கு மாற்று. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இதழைக் கசக்கி தோல் செருப்பைக் கறுப்பாக்கப் பயன்படுத்தியதால் 'ஷூ ஃபிளவர்' ஆனது. இந்தோனேசியாவில் இன்றும் அதன் பெயருக்குச் செருப்புப் பூ என்றுதான் பொருள். ஆனால் பக்கத்து மலேசியாவில் 1960-ல் அதைத் தேசிய மலராக்கினார்கள். ஒரே பூ, இந்தப் பக்கம் செருப்பு, அந்தப் பக்கம் தேசியச் சின்னம்.

பிறகு ஒட்டுக்கட்டும் காலம் வந்தது. மொரீஷியஸில் 1800-களின் முற்பகுதியிலேயே சார்லஸ் டெல்ஃபேர் என்பவர் அந்தத் தீவின் சொந்தச் செம்பருத்தியோடு இதைச் சேர்த்துப் புது ரகம் எடுத்தார். ஹவாயில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஒரு பைத்தியமாகவே பரவியது. இன்று நர்சரியில் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று தட்டு அளவுக்குப் பூக்கும் ரகங்களுக்கெல்லாம் அந்த மாதிரித் தீவுச் செடிகளின் ரத்தம் உண்டு. கம்மல் மாதிரித் தொங்கி, இதழ் கிழிந்த மாதிரி இருக்குமே, அது கிழக்கு ஆப்பிரிக்காவின் செடி.

இதுவரை சொன்னது செடி வந்த கதை. இனிமேல் சொல்லப்போவது, செடி வந்த அதே வழியில் பூச்சி வந்த கதை. எங்கள் கோபிப் பக்கத்து விவசாயிக்கு இதுதான் முக்கியமான பாகம்.

செம்பருத்தி நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுமே, அதற்கு மாவுப்பூச்சி என்று பெயர். எங்கள் பக்கம் கள்ளிப்பூச்சி என்போம். ஒரு காலத்தில் காடு மேடெல்லாம் சப்பாத்திக்கள்ளி முளைத்துக் கிடந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதை ஒழிக்க 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பார்க்க வெள்ளைப் பஞ்சு, நசுக்கினால் ரத்தச் சிவப்பு. கத்தியும் நெருப்பும் தோற்ற இடத்தில் அந்தப் பூச்சி ஜெயித்தது. கள்ளிக் காடு கரைந்து உழவு நிலமாகியது. கள்ளிப்பூச்சி என்ற பெயர் அந்த நினைவில் ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது கள்ளிப்பூச்சி நமக்குச் சாதகமாக வந்தது. எல்லாப் பூச்சியும் அப்படி வருவதில்லை.

இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி என்று ஒன்று உண்டு. நம் நாட்டில் பழைய ஆள். 1908-ல் இந்தியாவில் கிடைத்த மாதிரிகளை வைத்துத்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். திராட்சைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே அதைத் தின்னப் பொறிவண்டும் குளவியும் இருப்பதால் ஓரளவுக்கு அடங்கிக் கிடக்கும். 1994-ல் அது கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா என்ற குட்டித் தீவில் போய் இறங்கியது. அங்கே அதைத் தின்ன ஆளே இல்லை. வேலிச் செம்பருத்தியில் தொடங்கி, தேக்கு, கொக்கோ, காய்கறி என்று எல்லாவற்றிலும் ஏறியது. பக்கத்துத் தீவுகள் கிரெனடாவின் காய்கனியை வாங்க மறுத்தன. செடிகளை வெட்டி எரித்தார்கள், மருந்தடித்தார்கள். கடைசியில் சீனாவிலிருந்து ஒரு சின்னக் குளவியும் இந்தியாவிலிருந்து பொறிவண்டும் போய்த்தான் அடக்கின.

இந்தியாவிலிருந்து போன அந்தக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டும் இந்தியாவின் சொந்தப் பிள்ளை அல்ல. 1898-ல் காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சியைத் தின்ன ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. நூறு வருஷம் நம்மோடு இருந்து, பிறகு இங்கிருந்து கரீபியனுக்குப் போயிருக்கிறது.

கிரெனடாவில் நடந்ததுதான் பதினான்கு வருஷம் கழித்து நமக்கு நடந்தது.

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அது ஒரு பிரச்சினையே இல்லை, 1992 வரைக்கும் அறிவியல் பெயர்கூட வைக்காமல் விட்டிருந்தார்கள். அதைக் கட்டிவைக்கும் குளவிகள் அங்கே கூடவே இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. கரீபியன், பசிபிக் தீவுகள், இந்தோனேசியா என்று நகர்ந்து நகர்ந்து கோயம்புத்தூருக்கு வந்தபோது குளவி கூட வரவில்லை. பூச்சி மட்டும் வந்தது.

ஒரு பெண் பூச்சி பஞ்சுப் பைக்குள் நூறிலிருந்து அறுநூறு முட்டை வரைக்கும் இடும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. எறும்பு அதற்குக் காவல்காரன். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் கன்றுக்குட்டி மாதிரிப் பார்த்துக்கொள்ளும், செடி விட்டுச் செடி தூக்கிக்கொண்டும் போகும். அந்த இனிப்பு நீர் இலையில் சொட்டி, கரும்பூசணம் படிந்து, இலை சமையல்கட்டுப் பாத்திரம் மாதிரிக் கறுத்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேர்ந்த 2009, 2010 வருஷங்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்கும். காயைக் கீறிப் பால் எடுத்து விற்றுக்கொண்டிருந்த பப்பாளித் தோட்டங்கள் மொட்டையாக நின்றன. மரவள்ளி நுனி கொத்தாகச் சுருண்டு நின்றது. எல்லோரையும்விட மல்பெரி வைத்திருந்தவர்கள்தான் சிக்கிக்கொண்டார்கள். மற்ற பயிர்க்காரன் மருந்தாவது அடித்துப் பார்க்கலாம். மல்பெரியில் மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். அடிக்காவிட்டால் இலையே இல்லை. எங்களுக்கு இரண்டு தோட்டம் தள்ளி ஓர் அண்ணன், புழு நாலாவது தோல் உரித்து அசுரப்பசியில் இருக்கும் சமயத்தில் இலை கிடைக்காமல், தட்டுத் தட்டாகக் குழி தோண்டிப் புதைத்தார். அடுத்த மாதம் மல்பெரியைப் புழுதியோட்டி அழித்துவிட்டு, திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பூச்சி ஒளிந்திருக்கும் செடிகளை எல்லாம் வெட்டி எரியுங்கள் என்ற பேச்சு வந்தது. பார்த்தீனியம், துத்தி, அதோடு வீட்டு வேலிச் செம்பருத்தி. சொன்னதில் தப்பில்லை, செம்பருத்தியில் அது அப்பிக் கிடந்தது உண்மைதான். ஊரில் பாதி வேலி போயிற்று. அப்பத்தா காலத்திலிருந்து நிற்கும் எங்கள் வேலியை வெட்டப் போனபோது அம்மா குறுக்கே நின்றுவிட்டார். "பூச்சி வந்ததுக்குச் செடி என்னடா பண்ணும்? நாளைக்குக் காச்ச வந்தா ஆள வெட்டுவியா?" என்றார். அம்மாவுக்குப் பூச்சியியல் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குப் பூ வேண்டும், அவ்வளவுதான். நுனியை மட்டும் கவ்வாத்து செய்து எரித்துவிட்டு வேலியை விட்டுவிட்டோம். அதற்கு மருந்தும் அடிக்கவில்லை, மருந்துக்குக் காசு மரவள்ளிக்கே பத்தவில்லை.

2010 ஜூலையில் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. தனியறையில் வைத்துச் சோதித்து, வேறு எதையும் தொடாது என்று உறுதிசெய்துகொண்டு, அக்டோபரிலிருந்து வயலில் விட்டார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கிக் கொடுத்தது. மூன்றில் நம் மண்ணில் வேகமாகப் பெருகியது அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்கு ஒரு தூசி மாதிரித்தான். மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே புழு வளர்ந்து, பூச்சி ஊதிப்போய் பழுப்பாகக் காய்ந்துவிடும். அதன் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

பக்கத்து ஊர் மல்பெரித் தோட்டத்தில் குளவி விட்டதாகக் கேள்விப்பட்டு, காய்ந்த பூச்சி ஒட்டிய கிளைகளை வாங்கிவந்து எங்கள் செம்பருத்தி வேலியில் கட்டினோம். மரவள்ளியில் கட்டவில்லையா என்று கேட்பீர்கள். மரவள்ளிக்கு வாரம் தவறாமல் மருந்தடித்திருந்தோம், அங்கே போனால் குளவி சாகும். மருந்து படாத இடம் வேலி ஒன்றுதான். கொஞ்ச நாளில் வேலியில் இருந்த பூச்சியெல்லாம் பழுப்பாக ஊதிக் காய்ந்தன. அதற்குப் பிறகு மரவள்ளிக்கு மருந்தை நிறுத்தினோம். வேலியிலிருந்து குளவி தானாக இறங்கி வந்தது. 2011 ஆடிக்குள் பூச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எங்களிடமிருந்து ஏழெட்டுத் தோட்டக்காரர்கள் கிளை ஒடித்துக்கொண்டு போனார்கள், பூவுக்கு இல்லை, குளவிக்கு.

பூச்சி அடியோடு ஒழிந்ததா? இல்லை. இப்போதும் அங்கங்கே இருக்கிறது. இருக்கவும் வேண்டும். அது இல்லாவிட்டால் குளவிக்குச் சோறு இல்லை, குளவி போய்விட்டால் அடுத்த முறை பூச்சி வரும்போது கேட்க ஆளில்லை. கொஞ்சம் பூச்சி, கொஞ்சம் குளவி என்று இரண்டும் ஒண்டிக் கிடக்க ஊருக்குள் மருந்து படாத ஒரு மூலை வேண்டும். எங்கள் ஊரில் அந்த மூலை செம்பருத்தி வேலி. வெட்டிய வேலிகளின் இடத்தில் இன்று கம்பி வேலியும் காம்பவுண்ட் சுவரும் நிற்கின்றன. அந்த இடத்தில் எதுவும் ஒண்டாது.

இது ஒரு தடவையோடு முடிகிற கதை இல்லை. 2020-ல் மரவள்ளிக்கென்றே இன்னொரு வெளிநாட்டு மாவுப்பூச்சி வந்தது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து 2022-ல் சேலம் பக்கம் விட்டார்கள். கப்பலும் விமானமும் ஓடும்வரை செடியும் பூச்சியும் வந்துகொண்டேதான் இருக்கும். குளவி மட்டும் தானாக வராது. யாராவது யோசித்துப் போய்க் கூட்டி வர வேண்டும். அது வரும்வரைக்கும் விவசாயி தாக்குப்பிடிக்க வேண்டும். மேலே சொன்ன அண்ணனால் இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடிந்திருந்தால் அவருடைய மல்பெரி பிழைத்திருக்கும். அந்த ஆறு மாதத்துக்கு அவருக்குக் கைகொடுக்க ஊரிலும் வழியில்லை, வெளியிலும் வழியில்லை.

இனி, நகரத்தில் செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள்.

குச்சி வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், கணுவையும் இலைக்கு அடியையும் பாருங்கள். வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு உள்ள குச்சி போதும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, சாய்வாக வெட்டி, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு உள்ளே போகும்படி நடுங்கள். ஈரம் காயாமல், தண்ணீர் தேங்காமல் நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் நட்டால் ஒன்றரை மாதத்துக்குள் வேர் பிடிக்கும். பிறகு நல்ல வெயிலுக்கு மாற்றுங்கள். வெயில் குறைந்தால் பூ குறையும்.

பூ வருவது புதுத் துளிரில்தான். அதனால் வெட்டப் பயப்பட வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கவ்வாத்து செய்யுங்கள். மொட்டு விரியாமல் உதிர்ந்தால் பெரும்பாலும் தொட்டி ஒருநாள் காய்ந்து, மறுநாள் நனைந்து இருக்கும். தொழு உரம் போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மெதுமெதுவென்று தழையும், மாவுப்பூச்சிக்கு அதுதான் விருந்து.

வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் முதலில் எறும்பைத் தடுங்கள், தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கல் வைத்து அதன்மேல் ஏற்றலாம். பஞ்சு அப்பிய நுனியை ஒடித்துப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். மீதிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், அல்லது வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பஞ்சுக்கு நடுவில் பழுப்பாக ஊதிய பூச்சியும், அதன் முதுகில் வட்ட ஓட்டையும் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வேலையாள் உங்கள் மாடிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.